அந்தமானுக்குப் பூக் கேட்டது

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், கடலுக்குள் மீன் பார்க்கிற கண்ணாடி ஒன்று தொங்குகிறது. மூக்கையும் சேர்த்து மூடுகிற மாதிரி ரப்பர் விளிம்பு வைத்தது. பக்கத்தில் வாயில் கவ்விக்கொள்கிற வளைந்த குழாய். அது என் மகளுடையது. அந்தக் கண்ணாடி அந்தமானுக்குப் போய்க் கடலில் இறங்கித் திரும்பி வந்தது. அவள் போகவில்லை. போகாதது அம்மன் உத்தரவு என்று எங்கள் வீட்டில் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். உத்தரவு அம்மனுடையது இல்லை. என்னுடையது.

எங்களுக்குப் பொழிச்சலூர்தான் பூர்வீகம். நிலம் இருந்த இடத்தில் இப்போது வீடு. கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம். திருமுடிவாக்கத்தில் தகடு வளைக்கிற பட்டறை ஒன்றில் எனக்கு மேற்பார்வை வேலை. ஏரிக்கரை அம்மன்தான் எங்கள் குலத்துக்கு எல்லாம். வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்காமல் நான் பட்டறைக்குப் போனதில்லை.

எங்கள் வீட்டில் எதைச் செய்வதானாலும் பூக் கட்டிப் பார்ப்போம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, அம்மன் முன்னால் தட்டில் வைப்போம். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு இரண்டையும் கலைத்துப் போடுவார். யாருக்காகக் கேட்கிறோமோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டோம். அப்படியே கொண்டுபோய் வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு வர வேண்டும்.

என் மனைவியின் வயிற்று ஆபரேஷனை அப்படிக் கேட்டுத்தான் செய்தோம். மகளுக்கு எந்தப் படிப்பு என்பதையும் அப்படித்தான் முடிவு செய்தோம். பொட்டலம் கட்டுவது வீட்டு ஆம்பிளையின் பொறுப்பு. எனக்குக் கைராசி என்று பேர். பங்காளி வீடுகளிலிருந்துகூட வந்து, "நீ கட்டிக் குடு" என்று இலையும் நாருமாக நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மகள் அப்போது காலேஜில் கடைசி வருஷம். ஒரு நாள் சாயங்காலம் நான் பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். கத்தாம கேளு."

"இன்னும் நீ ஒண்ணும் சொல்லவே இல்லையே, நான் எதுக்குக் கத்தப் போறேன்?"

"எக்ஸாம் முடிஞ்சதும் அந்தமான் போறோம். அஞ்சு நாள். மொத்தம் ஆறு பேர். நாலு பொண்ணுங்க, ரெண்டு பசங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பசங்க வர்றதைச் சொல்லாதடின்னு அவளுங்க சொன்னாளுங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். எங்கப்பாகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுன்னேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே சரி என்றேன். கூட வருகிற பிள்ளைகள் எல்லோரும் மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்தான். "போயிட்டு வா. ஆனா தினம் ரெண்டு வேளை போன் பண்ணணும்" என்றேன். அவள் என் ஈரக் காலையும் பார்க்காமல் கட்டிக்கொண்டாள். அவள் அம்மாதான், "அஞ்சு நாளா, நடுக் கடல்லயா?" என்று முனகினாள். அவளையும் நானே சமாதானம் செய்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் இருந்த கூத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடியை ஆன்லைனில் வாங்கினாள். தண்ணீருக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிற பழக்கம் வர வேண்டுமாம். பின்பக்கம் நாங்கள் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் இருக்கிறது, நெஞ்சு உயரம். ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதற்குள் தலையைக் குப்புற விட்டுக்கொள்வாள். குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புஸ் புஸ் என்று சத்தம் போடும்.

"எண்ணுப்பா" என்பாள். நான் எண்ணுவேன். முதல் நாள் இருபதுக்குள் இருமிக்கொண்டு எழுந்தாள். ஒரு வாரத்தில் இருநூறு வரைக்கும் வந்தது. நான் எண்ணிக்கொண்டே அவள் முதுகு மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தையில் தூங்கும்போது அப்படித்தான் ஏறி இறங்கும்.

"டிரம்முக்குள்ள இன்னாடி தெரியுது?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"பாசி தெரியுதும்மா. கழுவி எத்தனை மாசம் ஆச்சு?"

"போட்டும். உன் எச்சித் தண்ணியிலதான் நாளைக்கு ரசம்."

எத்தனையோ நல்ல நாள் கொண்டாடியிருக்கிறோம். அந்தப் பதினைந்து நாள் மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில்தான் எல்லாம் கெட்டது. நான் பெரியண்ணன் என்று கூப்பிடுகிற என் பெரியப்பா மகன் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஆறு வயது பெரியவர். கோயில் காரியத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"இன்னா தம்பி, பொண்ணு தீவுக்குப் போவுதாமே?"

"ஆமாண்ணே. காலேஜ் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து போறாங்க. அஞ்சு நாள்."

"பசங்களும் போறானுங்களாம்?"

"ரெண்டு பேருண்ணே. தெரிஞ்ச பசங்கதான்."

"தெரிஞ்ச பசங்க." டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "அங்க தண்ணில எறங்கறதுக்கு இன்னா துணி போட்டுக்கினு எறங்குவாங்கோன்னு போன்ல பாத்துக்கீறியா நீ? பாரு. பாத்துட்டு அனுப்பு. நாளைக்கு நம்ம பொண்ணைக் கேட்டு வர்றவன் ஜாதகத்தைப் பாக்க மாட்டான் தம்பி, அந்த போட்டோவத்தான் பாப்பான்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடல்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் உண்மை இருக்கிறது. எனக்கு இருபது வயதில் நாங்கள் நாலு பேர் சைக்கிளில் கோவளம் போனோம். மூன்று பேர்தான் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து இன்று வரை கடலில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் மகள் முதலில் கேட்டபோது அந்தக் கோவளம் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. டீக்கடையிலிருந்து வந்த பிறகுதான் வந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வேண்டாம் என்று நேரில் சொல்லியிருக்கலாம். என் வாயால் போ என்று சொல்லிவிட்டேன். மாற்றிச் சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். டீக்கடைப் பேச்சையா அவளிடம் சொல்வது? இப்படி நான் தவித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி யதார்த்தமாகச் சொன்னாள்: "எதுக்கும் எப்பவும் போல அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே. உத்தரவு வாங்கிட்டுப் போனா எனக்கும் நிம்மதி." மகள் உடனே, "கேக்கலாம்மா. எனக்கு வெள்ளைதான் வரும், பாரு" என்றாள். அவளுக்கு அம்மன் மேல் அவ்வளவு நம்பிக்கை. பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் ஹால் டிக்கெட்டை அம்மன் காலடியில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். நந்தியாவட்டையில் நாலு பூவும், செவ்வரளியில் நாலு பூவும் பறித்தேன். பூஜை மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து முதல் இலையில் செவ்வரளியை வைத்து மடித்துக் கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தேன். நந்தியாவட்டை பக்கத்தில்தான் இருந்தது. நான் எழுந்து போய் இன்னும் நாலு செவ்வரளி பறித்துக்கொண்டு வந்தேன்.

என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. புத்தி மாறாட்டம் என்றும் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் கட்டினேன். நான் வேண்டாம் என்றால் நான் கெட்டவன். அம்மன் வேண்டாம் என்றால் யாரும் கெட்டவர் இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். மிஞ்சிப்போன நந்தியாவட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சந்நிதியில் கைகூப்பி நின்றேன்.

பூசாரி கற்பூரம் காட்டினார். பொட்டலங்களைக் கலைத்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, ஏதோ வேண்டிக்கொண்டாள். கை தட்டின் மேல் வந்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் போய், இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். அரளிப் பூ விழுந்தது.

"அம்மா வேணாம்ங்கறாம்மா" என்றார்.

அவள் பூவைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். மீதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்துப் பக்கம் போனாள். வருவதற்கு நேரமானது. முகத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்தாள். பாவம், ஏமாற்றத்தில் அழுதிருப்பாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து என் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து வாடிய நந்தியாவட்டை விழுந்தது. "இது ஏதுங்க வெள்ளைப் பூ?" என்றாள்.

"பூசாரி குடுத்த பிரசாதம்" என்றேன். மகள் பக்கத்தில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சிநேகிதிகள் வீட்டுக்கு வந்து கெஞ்சினார்கள். அதில் ஒருத்தி வாயாடி. "அங்கிள், இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்களேன். அன்னிக்கு அம்மனுக்கு மூட் சரியில்லாம இருந்திருக்கும்" என்றாள். "சாமி விஷயத்துல விளையாடக் கூடாதும்மா" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். மகள் உள்ளே போய்க் கண்ணாடியையும் குழாயையும் கொண்டுவந்து அந்த வாயாடியின் கையில் கொடுத்தாள். "அங்க வாடகைக்குக் குடுக்கறதெல்லாம் யார் யார் வாயில வெச்சதோ. இதை எடுத்துட்டுப் போ. நான் யூஸ் பண்ணினது, ஆனா நம்ம வீட்டு டிரம்முலதான்."

அவர்கள் கிளம்பிய அன்று காலை ஆறரை மணி இருக்கும். எங்கள் வீட்டுக்கு மேலே நாள் முழுக்க விமானம் போகும், நாங்கள் யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டோம். அன்று மகள் மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தவன் கீழேயிருந்து அவளைப் பார்த்தேன். ஒன்று போனது. அவள் நின்றாள். இன்னொன்று போனது. அப்போதும் நின்றாள். எது அவர்களுடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் இறங்கி வந்து தோசைக்குத் தேங்காய் துருவினாள்.

அந்த ஐந்து நாளும் அவளுடைய போன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. படம் வரும், பேச்சு வரும், சிரிப்பு வரும். எனக்குக் காட்டாமல் மறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இதுதான்பா ஸ்நார்கெலிங். பாரு."

பார்த்தேன். கடல் என்று சொல்ல முடியாத தண்ணீர். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்த மாதிரி தெளிவு. எல்லோரும் கழுத்து வரைக்கும் மூடிய சட்டையும் அதற்கு மேல் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வளையத்தை ஒரு ஆள் பிடித்துக்கொண்டு கூடவே வர, அதைப் பிடித்துக்கொண்டு குப்புற மிதந்தார்கள். கோடு போட்ட மீன்கள் அவர்கள் கைக்குக் கீழே போயின. கோவளத்தில் என் சிநேகிதனை இழுத்த அலை அதில் எங்கேயும் இல்லை. பெரியண்ணன் சொன்ன துணியும் இல்லை.

"எவ்வளவு ஆழம்?" என்றேன்.

"இடுப்பளவுதான். காலை ஊனினா நிக்கலாம்."

வாயாடி அனுப்பிய வீடியோவில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கத்தினாள்: "ஏய், உன் மாஸ்க் செமடி! ஒரு சொட்டு உள்ள வரல! நீ இருந்திருந்தா மேலேயே வந்திருக்க மாட்ட!" இன்னொரு படத்தில் அத்தனை பேரும் மரத்து நிழலில் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். ஒருத்தன் வயிற்றின் மேல் இளநீர்க் கூடு நின்றுகொண்டிருந்தது.

"இங்க என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணலைப்பா. சும்மா படுத்துக் கிடக்கறாங்க. அதான் எங்க ப்ளானே. மூணு வருஷமா பஸ், காலேஜ், எக்ஸாம்னு ஓடினோம் இல்ல, ரெண்டு நாள் ஒண்ணுமே பண்ணாம கிடக்கணும்னு." சொல்லிவிட்டு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். தங்களுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள். அவளுக்காகவாம். விளையாட்டாகச் செய்தது.

திரும்பி வந்ததும் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரப்பர் மடிப்பில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. அவள் அதைக் குழாயில் கழுவி, குளியலறை ஆணியில் மாட்டினாள். அன்று மாட்டியதுதான்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் கோயிலுக்கு வந்தால் வாசலோடு நின்றுவிடுவாள். "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்பாள். எங்கள் அம்மன் கோயிலில் செருப்பு திருட்டுப் போனதே இல்லை. வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகும்போது அம்மன் காலடியில் காகிதத்தை வைக்கவில்லை. வேலை கிடைத்தது, கிண்டியில் ஒரு ஆபீசில். "அம்மனுக்கு ஒரு அபிஷேகம் பண்ணிடலாம்" என்று அவள் அம்மா சொன்னபோது, "பண்ணும்மா, உனக்கு ஆசைன்னா" என்றாள்.

எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு வேளைச் சோற்றை விட்டேன். ஆடியில் ஈரத் துணியோடு பிரகாரத்தைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்தேன். சிமெண்டுத் தரை, முழங்கை எல்லாம் தேய்ந்துபோனது. எழுந்தபோது தலை சுற்றியது. மகள்தான் வாசலிலிருந்து ஓடி வந்து பிடித்தாள். முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். "எதுக்குப்பா இந்த வேண்டுதல்?" என்று கேட்டாள். "குடும்பம் நல்லா இருக்கணும்னு" என்றேன். அவள் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவள் திருப்பி ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு வருஷம் ஆனது. தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸில் போய் விசாரித்தேன். மகளிடம், "லீவு போட்டுட்டு அந்தமான் போயிட்டு வாம்மா. உன் பிரெண்ட்ஸையும் கூப்புடு. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்கலாம்ப்பா" என்றாள்.

என் மனைவிதான் பிடித்துக்கொண்டாள். "அம்மன் வேணாம்னு சொன்ன எடங்க அது! கேக்காம அனுப்புவீங்களா? மறுபடியும் பூக் கட்டிப் பாக்கணும்." வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? மகள், "பாக்கலாமே. அப்பாவே கட்டட்டும்" என்றாள். அந்தக் குரலில் இருந்தது எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். செவ்வரளிச் செடிப் பக்கமே போகவில்லை. இரண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். போன தடவை செய்த பாவத்துக்கு இது சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் துடைக்கலாம் என்று ஐம்பது வயது தாண்டியவன், நெற்றி நிறைய விபூதி பூசியவன், நம்பினேன்.

அவள் அன்று சந்நிதிக்குள் வந்தாள். கண்ணை மூடவில்லை. நேராகப் பார்த்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். வெள்ளை. "அம்மா உத்தரவு குடுத்துட்டா!" என்று பூசாரி சிரித்தார். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள் தட்டிலிருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நாரை இழுத்தாள்.

"பிரிக்கக் கூடாதும்மா! அது ஆகாது!" என்று பூசாரி கையை நீட்டினார்.

அவள் பிரித்தாள். நாலு நந்தியாவட்டை. அதைத் தட்டில் முதல் பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுவும் வெள்ளை" என்றாள். "போன தடவை ரெண்டும் சிவப்பு."

பூசாரி என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வாடிய பூ ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவள் கண் என் சட்டைப் பைக்குப் போனது. அம்மனும் அங்கேதான் இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகளிடம் கேட்டேன்: "எப்பத்திலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே. மரத்தடியில வெக்கப் போனப்ப நார் தானா அவுந்துச்சு. நீ எப்பவும் இறுக்கிக் கட்டுவ. அன்னிக்கு முடிச்சு சரியா விழல."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா நீ இல்லவே இல்லன்னு சொல்லியிருப்ப. கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணியிருப்ப. அதை நின்னு பாக்க எனக்குத் தெம்பு இல்லப்பா."

அவள் அதோடு நிறுத்தவில்லை. குரலை உயர்த்தாமல், ஆபீஸ் விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீ வேணாம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பேன். மூணாவது நாள் சாப்பிட்டிருப்பேன். அவ்வளவுதான். அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு நான் வெள்ளை வரணும்னுகூட வேண்டிக்கலப்பா. எது நல்லதோ அது வரட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன். ரெண்டும் சிவப்புன்னா, நான் வேண்டிக்கிட்டது எங்க போச்சு?"



"இப்பப் போயிட்டு வாம்மா" என்றேன்.

"யாரு கூட? ஒருத்தி ஹைதராபாத். ஒருத்திக்கு அடுத்த மாசம் டெலிவரி. அந்த வாயாடிக்கு லீவே கிடைக்காது. பசங்க எங்கயோ." செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "அது அந்த அஞ்சு நாள்தான்பா. முடிஞ்சிடுச்சு."

என் மனைவி என்னோடு பேசாமல் இல்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள், கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்பாள். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கப்புறம் யாரும் பூக் கட்டவில்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வந்தார். கையில் இரண்டு வாழையிலைத் துண்டு, நார். "தம்பி, என் சின்னவன் கனடா போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். மேல் படிப்பாம். உன் கையால ஒரு பூக் கட்டிக் குடு."

மகள் கூடத்தில் லேப்டாப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையில அடிண்ணே. பட்டறையில தகடு கிழிச்சிடுச்சு" என்றேன். மகள் நிமிர்ந்து என் இரண்டு கையையும் பார்த்தாள். அதில் ஒரு கீறல் இல்லை. அண்ணன், "சரி, அப்புறம் வரேன்" என்று கேட் வரைக்கும் போய்விட்டார். நான் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கை நல்லாத்தான் இருக்கு. இந்தக் கை கட்டக் கூடாது." நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் அவர் பேசியது, நான் செவ்வரளி பறித்தது, இரண்டு பொட்டலம், இரண்டு தடவை. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் என்னைக் காறித் துப்பினால்கூடப் பரவாயில்லை, கோயில் கூட்டத்தில் வைத்து அபராதம் போட்டால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். ஏன், அதற்குத்தான் ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டார். அப்புறம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, இதுக்கா இப்படி மூஞ்ச வெச்சுக்கினு நிக்கற? நல்ல வேலைதானேடா செஞ்சுக்கீற! பொண்ணப் பெத்தவன் புத்தியா நடந்துக்கின. சண்டையில்ல, சச்சரவில்ல, காரியம் முடிஞ்சிது. அம்மனே உனக்கு அந்த யோசனைய குடுத்துக்கீறா, போ!" என் தோளைத் தட்டினார். யார் வாய்க்குப் பயந்து அதைச் செய்தேனோ அந்த வாயே என்னை மெச்சியது.

மகள் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள்.

"அப்ப அதே மாதிரி எனக்கும் கட்டிக் குடு. ரெண்டும் செவப்பு. அவன் போவக் கூடாது" என்று அண்ணன் இலையை என் கையில் வைத்தார்.

நான் அதைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி வுடு, நானே கட்டிக்கறேன்" என்று செருப்பை மாட்டினார். "எப்படின்னுதான் சொல்லிக் குடுத்துட்டியே."